பொறாமை இல்லாத ஒரு சொட்டு

செவ்வாய்க் குடியிருப்பின் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைய வேண்டுமானால், காலையில் வாசற்கதவுக்கு ஒரு சொட்டு ரத்தம் கொடுத்தாக வேண்டும். கயற்கண்ணி விரலை நீட்டினாள். சுருக்கென்றது. "தூக்கம் போதாது. கோபம் கொஞ்சம். வேறு குறை எதுவும் இல்லை" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுக் கதவு திறந்தது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழகிப்போன விஷயம்.

இதில் பெரிய மாயமில்லை. நம் மரபு இழை, ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றிக் கிடக்கிறது. நெடுநாள் மனத்தில் கிடக்கும் உணர்ச்சி அந்த உருண்டையில் ஒரு வேதிமுத்திரை குத்திவிடும் என்று அந்த நூற்றாண்டில் கண்டுபிடித்திருந்தார்கள். முத்திரையைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிர்வது ஆன்டிபாடியின் வேலை. கோபத்துக்கு ஒன்று, சோகத்துக்கு ஒன்று என்று கதவுக்குள் எல்லாம் இருந்தன. பொறாமைக்கு மட்டும் இல்லை. அதைச் செய்யத்தான் கயற்கண்ணி பல வருடமாக முட்டி மோதிக்கொண்டிருந்தாள்.

நேற்று வேலைக்குச் சேர்ந்த சின்னப்பெண் ஆரணி அதைச் செய்துவிட்டாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"நீதாம்மா சீனியர். நீ சோதிச்சு சரின்னு சொன்னா, ஆரணியோட ஆன்டிபாடி எல்லாக் கதவுக்கும் போயிடும். துறைத் தலைமையும் அவளுக்குத்தான்" என்றார் இயக்குநர் லூர்துசாமி.

"அதுக்கென்ன சார், பண்ணிடலாம்" என்று கயற்கண்ணி சிரித்தாள். பல் மட்டும் சிரித்தது.

சோதனைக்கு இரண்டு சொட்டு ரத்தம் வேண்டும். பொறாமைக்குச் சிகிச்சை பெறும் ஒருவருடையது ஒளிர வேண்டும். பொறாமையே அறியாத ஒருவருடையது இருண்டே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஆளுக்கு எங்கே போவது? கயற்கண்ணி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தன் விரலைக் குத்திக்கொண்டாள்.

நோயாளியின் சொட்டு மங்கலாக மின்னியது. அவளுடையது மேசையையே பச்சையாக்கியது.

"அப்பாடா!" என்று வாய்விட்டே சொன்னாள். "கண்டதுலயும் போய் ஒட்டுது. தேறாத சரக்கு!"

லூர்துசாமி நியாயமான மனிதர். ஒருத்தி பேச்சை நம்பி முடிவெடுக்கக் கூடாதென்று மற்ற விஞ்ஞானிகளையும் சோதிக்கச் சொன்னார், தாமும் சோதித்தார். பொறாமை அறியாத ரத்தத்துக்காக ஒவ்வொருவரும் தத்தம் விரலையே குத்திக்கொண்டார்கள். அத்தனையும் பச்சை.

"என்னோடது ஒளிரலையே சார்!" என்று பதறிய ஆரணி, எல்லோர் முன்னாலும் விரலைக் குத்திக் காட்டினாள். சொட்டு இருண்டே கிடந்தது.

"எங்க எல்லாருக்கும் ஒளிருது, உனக்கு மட்டும் ஒளிரலைன்னா என்ன அர்த்தம்? ஏதோ தில்லுமுல்லு பண்ணியிருக்கே" என்றார் லூர்துசாமி. எல்லோரும் தலையாட்டினார்கள். ஆன்டிபாடி முழுவதும் அன்றே கழிவுத் தொட்டியில் கொட்டப்பட்டது. ஆரணியின் வேலை போயிற்று. துறைத் தலைமை கயற்கண்ணிக்கு வந்தது.

மாலை விருந்தில் ஆரணி நேரே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாழ்த்துகள்க்கா. நெசமாவே சந்தோஷமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, பாயசக் கிண்ணத்தோடு போய் யாருடனோ கலகலவென்று பேசிக்கொண்டிருந்தாள்.

கயற்கண்ணிக்குப் பாயசம் இறங்கவில்லை. வேலையும் போச்சு, பேரும் போச்சு; இவளுக்கு மட்டும் எப்படித்தான் இப்படிச் சிரிக்க வருதோ! இரவெல்லாம் புரண்டாள்.

மறுநாள் காலை விரலை நீட்டினாள்.

"தூக்கம் போதாது. கோபம் கொஞ்சம். வேறு குறை எதுவும் இல்லை" என்று சொல்லிக் கதவு வழிவிட்டது.