சமையலறையிலிருந்து ஒரு கை

"இது யார் செஞ்ச வேலை?"

அட்டைக் குழாயிலிருந்து உருவிய வரைபடத்தைக் குன்வோர் சாப்பாட்டு மேசை மேல் விரித்தாள். விரித்தாள் என்பதைவிட அறைந்தாள் என்றே சொல்லலாம். பழுப்புப் பாலாடைக்கட்டி தட்டோடு நகர்ந்து ஜாம் பாட்டிலில் இடித்து நின்றது. சனிக்கிழமை, காலை எட்டரை மணி. சின்னோவே அப்போதுதான் காப்பியை இறக்கியிருந்தாள்.

குன்வோர், சின்னோவேயின் கணவர் ஹால்வரின் அக்கா. முற்றத்துக்கு எதிரே இருக்கும் சின்ன வீடு அவளுடையது. ஆனால் அங்கே தூங்குவதோடு சரி. மூன்று வேளையும் இந்த மேசைதான். இந்த மேசையில் நடக்கும் எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்வதும் அவள்தான். முப்பத்தெட்டு வருடங்களாகச் சின்னோவே அந்தத் தீர்ப்புகளைக் கேட்டுப் பழகியிருந்தாள்.

"அண்ணி, முதல்ல உக்காருங்க. காப்பி ஆறிடும்."

"காப்பியா! இங்கே பாரு... நல்லாக் கண்ணைத் திறந்து பாரு! நம்ம சதுப்பு! எங்கப்பா பொத்திப் பொத்தி வச்ச இடம்! நீலக் கோடு போட்டு, போறதுக்குப் பாதையும் போட்டு, ஊருக்கே விருந்து வச்சிருக்கு!"

அவள் விரல் நின்ற இடத்தைச் சின்னோவே பார்க்கவில்லை. அவளுக்கு அது தெரியும்.

ஆகஸ்டு பிறந்தால் அந்தச் சதுப்பில் முல்ட்டே என்னும் காட்டுப்பழம் பழுக்கும். ஆரஞ்சு நிறத்தில், காம்புக்கு ஒன்றாக. அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படி ஓர் இடம் உண்டு. சம்பந்தி கேட்டாலும் சொல்ல மாட்டார்கள், பாதிரியார் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். கையில் வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு காட்டுக்குள் கொடிகளைத் தேடி ஓடும் பந்தயங்களுக்கு வரைபடம் போடுவதில் ஹால்வர் பேர்போனவர். ஒரு பாறையை விடமாட்டார், ஓர் எறும்புப் புற்றை விடமாட்டார். அப்படிப்பட்ட மனிதரே முப்பது வருடமாக அந்தச் சதுப்பின் மேல் மட்டும் கரும்பச்சையைப் பூசி, புக முடியாத புதர் என்று காட்டிவந்தார். இந்தக் குடும்பம் ஊருக்குச் சொன்ன ஒரே பொய் அதுதான், அதையும் பெருமையாகச் சொன்னது.

இப்போது அந்தப் பச்சை போய்விட்டது. திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டிய மாதிரிப் படத்தில் சதுப்பு பளிச்சென்று தெரிந்தது.

"என் தம்பி இதைச் செஞ்சிருக்க மாட்டான்," என்றாள் குன்வோர். "செஞ்சது யாருன்னு எனக்குத் தெரியும். சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"நேத்து மத்தியானம் அவன் நடக்கப் போயிருந்தான். துவைச்ச திரைச்சீலையை மாட்டலாம்னு மாடிக்குப் போறேன்... அறையில ஒரு ஆள் இல்ல. ஆனா கம்ப்யூட்டர்ல அம்பு தானா ஓடுது! கோடு தானா நகருது! செத்துப்போன அப்பாதான் வந்துட்டாரோன்னு எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கீழே இறங்கி ஓடி வந்தா... நீ இங்கே, இதே மேசையில, லேப்டாப்பைத் திறந்து வச்சுக்கிட்டு! மாடியில இருந்த அதே படம்! நீ இங்கே விரலை அசைச்சா அங்கே கோடு அசையுது!"

சின்னோவே காப்பிக் கெட்டிலைக் கீழே வைத்தாள். சத்தம் வராமல் வைக்கத்தான் நினைத்தாள்.

மகன் எஸ்பன் ஓஸ்லோவிலிருந்து ஒருமுறை வந்தபோது செய்துகொடுத்த ஏற்பாடு அது. அப்பாவின் கம்ப்யூட்டர் சிக்கிக்கொண்டால் அவன் அங்கிருந்தபடியே உள்ளே புகுந்து சரி செய்வான். அதே ஏற்பாட்டை அம்மாவின் லேப்டாப்பிலும் போட்டு, அதற்குச் 'சமையலறை' என்று பெயரும் வைத்துவிட்டுப் போனான். அனுமதி கேட்காது, கடவுச்சொல் ஒன்று போதும். சமையலறையில் உட்கார்ந்தபடியே மாடி அறைத் திரையைத் திறக்கலாம், அங்கிருக்கும் மவுஸை இங்கிருந்து ஓட்டலாம். இரண்டு வருடமாக அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் பேசமாட்டேங்கிற? என் தம்பி முதுகுக்குப் பின்னால அவன் வேலையில கையை வைக்கிறியா? அவனைத் தினமும் மத்தியானம் வெளியே துரத்துறியே, ஆலங்கட்டி மழையிலகூட... இதுக்குத்தானா? அவனுக்கு அரைக் கோப்பை காப்பிதான் ஊத்துறே, அதையும் நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்! நீ எந்த ஊர்க்காரின்னு இப்பத்தான் தெரியுது! ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு எங்க சதுப்பைக் காட்டிக் கொடுக்கணும்னு முப்பத்தெட்டு வருஷமாக் காத்திருந்தியா?"

ஒரே ஒரு வரி போதும். 'அவர் கை நடுங்குது, அண்ணி.' அதைச் சொன்னால் இந்தக் குற்றச்சாட்டு அத்தனையும் அந்த நிமிடமே உதிர்ந்துவிடும். அரைக் கோப்பை ஏன் என்று தெரிந்துவிடும். ஹால்வர் ஏன் எப்போதும் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறார் என்றும் தெரிந்துவிடும். ஆனால் போன ஆகஸ்டில், மகனைப் பார்க்கப் போகிறோம் என்று பொய் சொல்லிவிட்டு ஓஸ்லோ ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, அங்கேயே தாழ்வாரத்தில் நின்று ஹால்வர் கேட்ட ஒரே சத்தியம் அதுதான். "யாருக்கும் சொல்லாதே. அக்காவுக்குச் சொல்லவே சொல்லாதே. தெரிஞ்சா அடுத்த நாளே என் ரொட்டிக்கு வெண்ணெய் தடவ ஆரம்பிச்சிடுவா."

அவரிடமும் சின்னோவே ஒன்றை மறைத்திருந்தாள். அவர் போட்ட கோடுகள் நெளிந்து, உடைந்து, திரையில் தடுமாறிக் கிடந்தன. அவர் நடக்கப் போகும் ஒன்றரை மணி நேரத்தில் இங்கிருந்தே அவற்றை ஒவ்வொன்றாக நீவிவிடுவாள். சாயங்காலம் அவர் பார்க்கும்போது எல்லாம் நேராக இருக்கும். "இன்னைக்குக் கை சொன்ன பேச்சைக் கேட்டிருக்கு," என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் எதையும் செய்வாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் சதுப்பு படத்தில் முளைத்தது. நடுங்கும் நீலக் கோடு. அன்று அழிக்கும் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். கைக்கு வந்தது மனதுக்கும் வந்துவிட்டதோ என்று பயந்தாள். பிறகு விரலை எடுத்தாள். கோட்டை நேராக்குவதுதான் தன் வேலை, காடு அவருடையது. நடுக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு, சதுப்பை அப்படியே விட்டுவிட்டாள்.

"நான்தான்," என்றாள் இப்போது. நிமிர்ந்து, குன்வோரின் கண்ணைப் பார்த்தே சொன்னாள். "சதுப்பை வரைஞ்சது நான்தான், அண்ணி. ஹால்வருக்கு எதுவும் தெரியாது."

சண்டைக்கு வந்தவள் இவ்வளவு சுலபமான வெற்றியை எதிர்பார்த்திருக்கவில்லை.

"அப்ப... அப்ப அழிச்சிடு! இப்பவே, என் கண்ணு முன்னால!"

"அழிக்க மாட்டேன்."

"என்ன சொன்னே?"

"அது படத்துல இருக்கணும். இருக்கும்."

"அப்படின்னா இந்த மேசையில நீ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!" குன்வோரின் குரல் உடைந்தது. "எங்கப்பா சாகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்ன இடம்டி அது..."

நடையில் விறகு விழும் சத்தம் கேட்டது.

விறகெடுக்கப் போன ஹால்வர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். எவ்வளவு நேரமாக அங்கே நின்றாரோ தெரியாது. நேராக மேசைக்கு வந்தார். கால்சட்டைப் பையிலிருந்து வலது கையை எடுத்தார். கெட்டிலைத் தூக்கித் தன் கோப்பையை விளிம்பு வரை நிரப்பினார். கோப்பையைத் தூக்கினார்.

காப்பி அவர் மணிக்கட்டில் வழிந்தது, மேசை விரிப்பில் சிதறியது, வரைபடத்தின் வடக்கு மூலையை நனைத்தது. உதட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கோப்பையில் பாதிதான் இருந்தது.

"பாத்தியா அக்கா? அரைக் கோப்பை ஏன்னு?"

"ஹால்வர், வேண்டாம்..." என்றாள் சின்னோவே.

"ரெண்டு வருஷம் ஆச்சு. இது போகாது, இன்னும் கூடத்தான் செய்யும்னு டாக்டர் சொல்லிட்டாரு. என் மானம் போயிடக் கூடாதுன்னு இவ வாயை மூடிக்கிட்டு உன்கிட்ட ஏச்சு வாங்கறா. சதுப்பை வரைஞ்சது நான். நேராக்கினது இவ."

சின்னோவே திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "உனக்கு... எப்படித் தெரியும்?"

ஹால்வர் சிரித்தார். "என் திரைப் பின்னணியில உன் படம்தானே இருக்கும், படகுல நீ உக்காந்திருக்கிறது? நீ இங்கேருந்து உள்ளே வந்தா அந்தப் படம் மட்டும் போய்ப் பின்னணி கறுப்பாயிடும். போன வருஷம் கையுறையை மறந்துட்டேன்னு பாதியில திரும்பி வந்தேன். வரைபடத்தைச் சுத்தி ஒரே கறுப்பு. மூலையில சின்னதா ஒரு பெட்டி, 'சமையலறை உள்ளே இருக்கிறது'ன்னு. கையுறை இல்லாமலே திரும்பப் போயிட்டேன். நடந்தா கோடு தானா நேராகும்னு நம்புற அளவுக்கு எனக்கு இன்னும் புத்தி கெடல, சின்னோவே! நீ முடிக்கணுமேன்னுதான் மழையிலயும் ஒன்றரை மணி நேரம் நடந்தேன்."

ஒரு வருடமாக அவர் குளிரில் சுற்றியதும், அவள் இங்கே கடிகாரத்தைப் பார்த்தபடி அவசர அவசரமாகக் கோடு நீவியதும்... சின்னோவேக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. "முட்டாள்! ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும். அரை மணி நேரம் வீணா நனைஞ்சிருக்கே!"

குன்வோர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தாள். "சரிடா... கை நடுங்கினா என்கிட்ட சொல்லியிருக்கலாமே... ஆனா சதுப்பு? அதை ஏன்டா போட்டே?"

"உனக்காகத்தான் அக்கா."

போன ஆகஸ்டு. ஓஸ்லோவில் ஹால்வர் டாக்டரின் முன்னால் உட்கார்ந்திருந்த அதே நாள். குன்வோர் தனியாகச் சதுப்புக்குப் போய், கால் பிசகி, கணுக்கால் எலும்பு உடைந்து கிடந்தாள். கையில் போன் இருந்தது. எங்கே இருக்கிறீர்கள் என்று தேடல் குழு கேட்டதற்கு, "காட்டுக்குள்ளே," என்றாள். காட்டில் எங்கே என்று பத்து தடவை கேட்டும் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறு மணி நேரம் கழித்து ஒரு நாய்தான் அவளைக் கண்டுபிடித்தது. கிறிஸ்துமஸ் விருந்தில் அந்தக் கதையைச் சொல்லி எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள், குன்வோரும் சிரித்தாள்.

ஹால்வர் மட்டும் சிரிக்கவில்லை.

"தேடப் போனவங்க கையில இருந்தது என்னோட படம், அக்கா. நீ கிடந்த இடத்துல நான் புதர்னு போட்டு வச்சிருந்தேன். அதுக்குள்ள யாரும் போக முடியாதுன்னு நம்பி, உன்னைத் தாண்டி ரெண்டு தடவை போயிருக்காங்க. உனக்கு ஏதாவது ஆகியிருந்தா... உன்னைக் கொன்னது என்னோட பச்சை மைதான். இது நான் போடுற கடைசிப் படம். இதுலயாவது பொய் வேண்டாம்."

குன்வோர் எழுந்தாள். தம்பியிடம் போவாள் என்று சின்னோவே நினைத்தாள். அவளோ மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, காப்பிக் கறை படிந்த ஏப்ரனோடு சின்னோவேயைக் கட்டிக்கொண்டாள். முப்பத்தெட்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

"பாவி... பாவி..." என்று விம்மினாள். "நான் பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டு... 'நான்தான்'னு எப்படிச் சொன்னே? ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு இவ்வளவு நெஞ்சழுத்தமா?"

"எங்க ஊர்ல இதைவிட அதிகம், அண்ணி," என்றாள் சின்னோவே, அவள் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

குன்வோர் மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் வரைபடத்தைப் பார்த்தாள். பழைய தீர்ப்புக்காரி திரும்பி வந்துவிட்டாள்.

"பந்தயம் செப்டம்பர் கடைசியிலதானே?"

"ஆமா."

"அப்ப இருக்கட்டும். அதுக்குள்ள நான் ஒண்ணு விடாம பறிச்சிடுவேன். சின்னோவே, இந்தத் தடவை நீயும் கூட வரே. நான் தனியாப் போகமாட்டேன்." பிறகு தம்பியின் தட்டைப் பார்த்தாள். அவள் கை வெண்ணெய்க் கத்தியை நோக்கிப் போனது; பாதியில் நின்றது. கத்தியைத் தம்பியின் பக்கம் தள்ளி வைத்துவிட்டுத் தன் ரொட்டியைக் கடித்தாள்.

மத்தியானம் ஹால்வர் வெளியே கிளம்பவில்லை.

"நடக்கப் போகலையா?" என்று கேட்டாள் சின்னோவே.

"மழை பெய்யுது."

"என்னைக்குப் பெய்யல?"

அவர் மாடிக்குப் போனார். போகும்போது படியில் நின்று, "ஒரு கால் மணி நேரம் கழிச்சு உள்ளே வா," என்றார். "கதவைத் தட்ட வேண்டாம். அதான் எப்பவும் தட்டினதே இல்லையே."

சின்னோவே முழுக் கோப்பைக் காப்பியோடு உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். மாடித் திரை விரிந்தது. சதுப்பு அதன் இடத்தில் இருந்தது. வலது கீழ் மூலையில், ஹால்வர் ஒவ்வொரு படத்திலும் மவுஸால் கையெழுத்துப் போடும் இடத்தில், அம்பு நடுங்கிக்கொண்டே நகர்ந்தது. அவர் பெயர் ஏற்கனவே இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு பெயர் மெல்ல மெல்லப் பிறந்துகொண்டிருந்தது, கோணலாக, விட்டுவிட்டு, ஓர் எழுத்து மேலே போய், அடுத்தது கீழே இறங்கி. அவள் பெயர்.

பழக்க தோஷத்தில் அவள் விரல் மவுஸுக்குப் போனது. அம்பைக் கொண்டுபோய் முதல் கோட்டின் மேல் வைத்தாள். இந்தக் காட்டில் அவள் நீவிவிட்ட கோடுகள் ஆயிரம் இருக்கும்.

தலைக்கு மேலே மரத்தரையில் பூட்ஸ் இரண்டு முறை தட்டியது. "சரியா இருக்கா?" என்று மேலேயிருந்து குரல் கேட்டது.

சின்னோவே மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"சரியா இருக்கு!" என்று கூவினாள். "ஒண்ணும் தொடாதே!"