மோகினி கொடுத்த பால்!

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒரு நிமிஷம் தலையைக் குனிந்து உட்காரத் தெரியாது.

முருகனுக்கு முடி கொடுக்க வருகிறார்கள். கத்தி தலையில் இருக்கும்போதே போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள். காது அறுந்தால் மட்டும் பதில் சொல்ல வேதாசலம் வேண்டும்!

திருத்தணி மலை மொட்டை மண்டபத்தில் நாற்பது வருஷமாகக் கத்தி பிடிப்பவர் வேதாசலம். லட்சம் தலைகளைத் தொட்டவர். ஒரு தலையையும் நம்பாதவர்.

அன்று காலை பத்து மணி...

கிரீச்!

போலீஸ் ஜீப்!

இன்ஸ்பெக்டர் ஷோபனா குதித்து இறங்கினார். பின்னாலேயே குடுமி போட்ட ஓர் இளைஞன். வியர்வையில் தொப்பலாக...

“பெரியவரே! இந்தப் பொம்பள காலையில மொட்டை போட வந்தாளா?”

போனில் ஒரு படம். நெற்றியில் சுருள் சுருளாக முடி. கையில் பால் டம்ளர்.

“யாரும்மா இது? கண்ணுல கரிய அள்ளி அப்பிக்கினு கீது?”

“ஹம்சா. நடிகை. கீழ லாட்ஜ்ல ஷூட்டிங். கூட நடிச்ச ஸ்கந்தகுமாருக்குப் பால்ல விஷம் வெச்சிட்டு ஓடிட்டா!”

“ஆளு போய்ட்டானா?”

“மூச்சு இருக்கு. முழிப்பு இல்ல. என்ன விஷம்னு ஒரு மணி நேரத்துல தெரியலன்னா கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார். அவளப் புடிச்சாதான் தெரியும்!”

குடுமிக்காரன் முன்னால் வந்தான். டைரக்டர் ஜெயப்பிரகாஷ்.

“பேசாத படம் எடுக்கறேங்க. அந்தக் காலத்து ஸ்டைல்... வசனமே கெடையாது. மோகினின்னு ஒருத்தி. கண்ணாலயே ஆம்பளைங்கள மயக்கி, பால்ல விஷம் வெச்சுக் கொல்லுவா. இவ நெஜமாவே வெச்சுட்டா!”

“பேசாம கண்ணை மட்டும் உருட்டற பொம்பள, விஷம் வெக்காம வெண்ணெயா வெப்பா?”

“முடிய எடுத்துட்டா அடையாளம் தெரியாதே! இங்கதான் வந்திருப்பா!” என்றார் ஷோபனா.

வேதாசலம் போனை மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

“இவளுக்கு எடுக்கறதுக்கு முடியே இல்லம்மா.”

“என்னது!”

“நெத்தியோரம் பாரு. சொந்த முடின்னா பூனைமுடி படர்ந்து கெடக்கும். இது வெட்டி ஒட்டுன மாதிரி நிக்குது. டோப்பா! அதுவும் இப்டி படிஞ்சு உக்காருதுன்னா உள்ள மொட்டை.”

ஷோபனா திரும்பினார். “யோவ்! டோப்பான்னு சொல்லவே இல்ல?”

“ஆங்... எனக்கே தெரியாதுங்க மேடம்! மொத நாள்லயே இப்டிதான் வந்தா!”

“அப்போ தேட வேண்டியது ஒரு மொட்டைய!”

டிரைவர் சீட்டிலிருந்து கான்ஸ்டபிள் நாகராஜன் அலறினார். “திருத்தணிலயா மேடம்? கண்ண மூடிக்கினு கைய நீட்டுனா நாலு மொட்டை மாட்டும்!”

வேதாசலம் கத்தியைப் பெட்டியில் வைத்தார்.

“வண்டிய எடுங்க. நான் காட்டறேன்.”

பஸ் ஸ்டாண்ட்!

எங்கே பார்த்தாலும் மொட்டை. சின்ன மொட்டை, பெரிய மொட்டை, அழுகிற மொட்டை, ஐஸ் தின்கிற மொட்டை...

“புது மொட்டைன்னா தலை வெளுத்து, முகம் கறுத்து கெடக்கும். மேல சந்தனம் இருக்கும். நமக்கு வேண்டியது பழைய மொட்டை.”

ஒன்று... ஐந்து... பதினொன்று...

வேதாசலம் நின்றார்.

டீக்கடை பெஞ்சில் ஒரு பெண். சந்தனம் இல்லை. தலையும் முகமும் ஒரே நிறம். எள் தூவினாற்போல முடி. நிதானமாக வடையைப் பிட்டுக்கொண்டிருந்தாள்!

ஷோபனாவின் கை அவள் தோளில் விழுந்தது.

“ஹம்சா! ஓடிப்போகவா பார்த்த?”

“ஓடறதா? ஸ்கந்தா விழுந்தாரு, டைரக்டர் ‘கட்’ சொன்னாரு, டிபனுக்கு வந்தேன் மேடம். போன் ரூம்ல கெடக்குது. எங்க ஷூட்டிங் ஆளுங்களே நாலு வாட்டி இந்தப் பக்கமா ஓடினாங்க. டோப்பா இல்லாத என்னை ஒருத்தனும் திரும்பிப் பாக்கல! போன மாசம்தான் பழனில முடி குடுத்தேன்...”

வேதாசலத்தின் முகம் கோணியது. “பழனிக் கத்தியா! அதான் காதோரம் மேடும் பள்ளமுமா கீது.”

“பெரியவரே, சும்மா இருங்க! ஹம்சா, பால்ல என்ன கலந்த? சொல்லு! ஸ்கந்தகுமார் உயிருக்குப் போராடறான்!”

வடை நழுவியது.

“ஐயோ! விஷம்னு நான் கலந்த பொட்டலத்துல இருந்தது மலைக்கோயில் விபூதி மேடம்! நானே வாங்கியாந்தது!”

“விபூதி சாப்ட்டு செத்தவன் இந்த ஊர்ல கெடையாதும்மா,” என்றார் வேதாசலம். “பாலக் காய்ச்சுனது யாரு?”

“டைரக்டர்தான். பதினாறாவது டேக்குக்கு அவரே கலந்து எடுத்தாந்தாரு...”

எல்லோரும் திரும்பினார்கள்.

ஜெயப்பிரகாஷைக் காணோம்!

புறப்படுகிற திருப்பதி பஸ்... படிக்கட்டில் ஒரு கால்...

வேதாசலம் பாய்ந்தார். குடுமி கையில் சிக்கியது. ஆடினால் அறுபடும் என்று லட்சம் பேரை மிரட்டிய கை அது!

“அசையாத நைனா! இன்னா போட்ட?”

“தூக்க மாத்திரை! நாலே நாலு! விடுங்க!” கதறினான் ஜெயப்பிரகாஷ். “விஷம் குடிச்சவன் மாதிரி விழவே தெரியல அவனுக்கு! பதினஞ்சு டேக்கும் பாய விரிச்சுப் படுக்கற மாதிரி படுக்கறான்! பதினாறாவதுல குடுத்தேன்... பதினேழாவதுல பிரமாதமா விழுந்தான்!”

“பழிய இந்தப் பொண்ணு மேல போட்டியே?”

“விஷம்னதும் எல்லாரும் மோகினின்னாங்க. நானும் ஆமான்னுட்டேன்...”

ஷோபனா மாத்திரையின் பெயரைப் போனில் கத்தினார். மறுமுனையில் டாக்டர் ஏதோ சொன்னார். ஷோபனாவின் தோள்கள் தளர்ந்தன.

“பொழைச்சுப்பானாம்! நாகராஜன், இந்தக் குடுமிய ஜீப்புல ஏத்து!”

ஜீப் போனது. ஹம்சா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பேசாத படத்துல நல்லவ அழுதா போதும் பெரியவரே. கெட்டவதான் கண்ணாலயே கொல்லணும். நல்லா கொன்னா, நெஜம்னே நம்பிடறாங்க! நீங்க இல்லன்னா நான் இன்னேரம் ஜெயில்ல. இந்தாங்க, ஒரு டீ சாப்புடுங்க.”

வேதாசலம் டம்ளரைப் பார்த்தார். அவள் கண்ணைப் பார்த்தார். மறுபடி டம்ளர்...

“நீ ஒரு வாய் குடி.”

குடித்தாள். சிரித்தாள். “இப்போ சந்தேகம் போச்சா?”

வேதாசலம் மலைப்பக்கம் திரும்பி நடந்தார். நடந்துகொண்டே சொன்னார்...

“டீ மேல இருந்தது போச்சும்மா. உன் மேல இருக்கறது அப்டியேதான் கீது!”