எடை கூடிய இறுவட்டு

2006. ஒரு சனிக்கிழமை. காலை 8.10. கொட்டகலை.

ஹுசைனின் இறுவட்டுக் கடைக்கு மேல்மாடி, கணினி நிலையம். மேசையில் நூறு இறுவட்டுகள். நிரூபா டீச்சர் ஒன்றைக் கணினியில் போட்டாள். தமிழ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் அழகாகத் திறந்தது. முதல் பாடத்தை அழுத்தினாள். சத்தம் இல்லை. வேறொன்றைப் போட்டாள். அதுவும் ஊமை.

தோட்டத்துப் பிள்ளைகள் கேட்டுப் படிக்க அறுபது பாடங்கள்; இரண்டு வருட உழைப்பு. பதினொரு மணிக்குக் கல்வி அலுவலக அதிகாரி வருகிறார். பாடம் பேசினால் நாற்பது பள்ளிகளுக்குப் போகும். பேசாவிட்டால் எல்லாம் வீண்.

“எம்பி3 கோடெக்கைக் காணோம்” என்றாள். ஒலிக்கோப்பைப் பிரித்துச் சத்தமாக்கும் சின்ன நிரல் அது. “நேத்து மத்தியானம் மூலப்பிரதில இருந்துச்சு. யாரோ எடுத்துட்டாங்க.”

கேட்டதும் மாடியேறி வந்தாள் ஹுசைனின் மகள் பஸ்மிலா. சட்டக் கல்லூரி மாணவி, விடுமுறைக்கு வந்தவள். வீட்டில் கரண்டி காணாமல் போனாலும் வாக்குமூலம் எடுக்கும் ரகம்.

8.40. நிரூபாவைத் தவிர மூவரிடம் சாவி உண்டு. ஹுசைன், செல்வரத்தினம் மாஸ்டர், வீரம்மா. தேயிலைத் தொழிற்சாலையில் தூளிலிருந்து குச்சி பொறுக்கும் வீரம்மா, மாலையில் இங்கே கணினி படிப்பவள். இன்று பத்து மணி வரை அவளுக்கு வேலை.

“வாப்பா, இது இலவசமா போனா உங்க யாவாரம் படுத்துருமே?”

“பெத்த வாப்பாகிட்ட கேக்குற கேள்வியா இது? காலையில ஆறு மணிக்கு வந்து, இருந்தத அப்படியே நூறு கொப்பி அடிச்சேன். அவ்வளவுதான்.”

அடுத்தவர் செல்வரத்தினம் மாஸ்டர், யாழ்ப்பாணத்துக் கணித ஆசிரியர்.

“சேர், வியாழக்கிழமை இங்க சண்டையாமே?”

“சண்டை இல்லை, பிள்ளை. அந்தக் கோடெக்குக்குக் காப்புரிமை கிடக்கு. ஆரும் தாராளமாப் பிரதி பண்ணக்கூடியது மட்டும்தான் வேணும் எண்டு கல்வி அலுவலகக் கடிதத்தில இருக்கு. எடுங்கோ எண்டு சொன்னனான். நிரூபா கேக்கேல்லை.”

“அதனால நீங்களே எடுத்துட்டீங்க.”

“சொல்லாமல் எடுக்கிறதெண்டால், மூண்டு மணித்தியாலம் தொண்டை கிழியக் கத்தியிருப்பனே?”

நியாயம்தான். ஊரில் எல்லாரும் எம்பி3தான் கேட்கிறார்கள் என்று அன்று பிடிவாதம் பிடித்த நிரூபா, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

9.30. பஸ்மிலா கணினி முன் உட்கார்ந்தாள். மூலப்பிரதியின் அளவை நோட்டில் குறித்தாள். வியாழக்கிழமை சேமித்த பிரதி 590 எம்பி. இன்று 655. பிறகு கணினியில் ‘ஒதுக்கு’ என்றொரு கோப்புறை தட்டுப்பட்டது. உள்ளே காணாமல் போன கோடெக். பக்கத்தில் சின்னக் குறிப்பு: “ஒதுக்கினது 1. எடை 240 கேபி. வெள்ளி மாலை 6.20.”

பஸ்மிலாவுக்குச் சிரிப்பு வந்தது. வீரம்மா வரட்டும் என்று காத்திருந்தாள்.

10.20. தலையில் தேயிலைத் தூசியோடு வீரம்மா வந்தாள்.

“எடுத்தது நீங்கதான், அக்கா.”

“ஆமா. அதான் சீட்டு வச்சிருந்தேனே. யாரும் பாக்கலியா?”

பஸ்மிலா மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். “திருடுறவங்க கொண்டு போயிருவாங்க. கெடுக்குறவங்க அழிச்சிருவாங்க. ஒதுக்கினத பத்திரமா வச்சு எடை எழுதுறது ஃபேக்டரி பழக்கம். அங்க கழிவுத் தேயிலையக்கூட நிறுத்து, சாக்குல சீட்டு வைக்கணும்.”

“சாக்கு வாயில சீட்டு இருந்தா, வாசிச்சிட்டுத்தானே அடுத்த ஆளு கை வைக்கும்” என்றாள் வீரம்மா, புரியாமல்.

வாசிக்காமல் கை வைத்த ஹுசைன் இருமினார்.

“எல்லாரும் போனதையே தேடுனீங்க” என்றாள் பஸ்மிலா. “குச்சி பொறுக்கினா எடை குறையணும். இங்க அறுபத்தஞ்சு கூடியிருக்கு. என்ன சேத்தீங்க, அக்கா?”

வீரம்மா கூச்சத்தோடு சொன்னாள். “அறுபது பாடத்தையும் ஓக்-ங்கிற இன்னொரு வகை ஒலிக்கோப்பா மாத்தி, புதுசா ஒரு கோப்புறையில வச்சேன். அதுக்கு உரிமைத் தகராறு இல்லைன்னு சேர் சொன்னாங்கல்ல. பாடப் பட்டியலு இன்னும் பழசத்தான் தெறக்கும். அது டீச்சர் வேலை. நான் கை வைக்கலாமா?”

நிரூபா எழுந்தாள். வீரம்மாவைக் கட்டிக்கொண்டாள். தூசியில் இருவரும் தும்மினார்கள். பிறகு நிரூபா பட்டியலை மாற்றினாள்; ஹுசைன் புது இறுவட்டு ஒன்று அடித்தார்.

11.05. அதிகாரி உட்காரும் முன்பே கேட்டார். “காப்புரிமை உள்ள கோடெக் ஏதும் இருக்கா? போன மாசம் இதனால ரெண்டு இறுவட்டைத் திருப்பி அனுப்பினோம்.”

நிரூபா மாஸ்டரைப் பார்த்தாள். “இல்லீங்க, மேடம். பொறுக்கி எடுத்துட்டோம்.”

முதல் பாடத்தை அழுத்தினாள். அறை முழுக்க அவள் குரல் கேட்டது. அதிகாரி நான்கு பாடங்கள் கேட்டுவிட்டு, நாற்பது பள்ளிகளின் பட்டியலை நீட்டினார். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மதியம், ஊமை இறுவட்டுகள் நூறையும் ஹுசைன் ஒரு சாக்கில் போட்டார். நிறுத்தார். சீட்டு எழுதி வாயில் கட்டினார்:

“நூறு. பேசாது. வாசித்துவிட்டுக் கை வைக்கவும்.”