ஆறாவது பெட்டியின் கதவு

தடால் என்று ஒரு சத்தம். ரயில் ஒருமுறை குலுங்கி அப்படியே நின்றது. பெட்டியில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒரே பக்கமாக நிமிர்ந்தார்கள். யாரும் விழவில்லை. விழ இடம் இருந்தால்தானே?

வாண்டு, அப்பாவுக்கும் கதவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்து வயது. அப்பா வைத்த செல்லப் பெயர்தான் வாண்டு. வெளியே மழையோடு புயல் காற்று ரயிலைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

அப்பா மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவர். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து கொடுக்கும் அவருக்கு இப்போது எதுவுமே தெரியவில்லை. கூட்டத்தின் மூச்சுக் காற்று பட்டுக் கண்ணாடி மங்கியிருந்தது. கைக்குக் கிடைத்த சட்டை நுனியால் துடைத்தார்.

"சார், அது என் சட்டை," என்றார் பக்கத்தில் நின்ற பெரிய மீசைக்காரர்.

"மன்னிச்சுக்கங்க. நல்ல துணி," என்றார் அப்பா.

மீசைக்காரர் சிரிக்கவில்லை. கையிலிருந்த போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அது கறுப்பாகவே இருந்தது.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகள் கவனத்துக்கு. தண்டவாளத்தில் பெரிய மரக்கிளை விழுந்திருக்கிறது. நான் இறங்கி அதை அகற்றப் போகிறேன். தயவுசெய்து யாரும் கதவைத் திறக்க வேண்டாம்."

வாண்டு அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, அம்மா குரல்."

"ஆமா," என்றார் அப்பா மெதுவாக.

அம்மா ரயில் ஓட்டுநர். வழக்கமாக வேறு தடத்தில் ஓட்டுவார். இன்று புயலால் பாதி ரயில்கள் ரத்து. மீதி ரயில்கள் தடம் மாறி ஓடிக்கொண்டிருந்தன. வந்த ரயிலில் முண்டியடித்து ஏறிய இவர்களுக்கு, ஓட்டுவது யார் என்று எப்படித் தெரியும்?

அம்மாவின் குரல் நிதானமாகத்தான் இருந்தது. வாண்டுவுக்கு அதுதான் பயமாக இருந்தது. போன வருடம் அவளுக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனபோது, "ஒண்ணுமில்லடா, சரியாயிடும்" என்று அம்மா சொன்னது இதே நிதானத்தோடுதான்.

"இவங்களுக்கென்ன, மைக்ல சொல்லிட்டுப் போயிடுவாங்க," என்று முணுமுணுத்தார் பச்சைப் பை வைத்திருந்த ஒரு பெண்.

"ஓட்டத் தெரியாதவங்களை எல்லாம் உட்கார வச்சா இப்படித்தான்," என்றது எங்கிருந்தோ ஒரு குரல்.

வாண்டு வாயைத் திறந்தாள். அப்பா அவள் தோளை அழுத்தினார்.

"சொல்லிடாதே. அப்புறம் இந்தப் பெட்டி மொத்தமும் நம்மகிட்டதான் புகார் சொல்லும்."

பத்து நிமிடம் போயிற்று. தலைக்கு மேலேயே ஒரு இடி இறங்கியது. மீசைக்காரரின் கை, அவசரத்தில் கதவைத் திறப்பதற்காகப் பக்கத்தில் இருந்த சிவப்புக் கைப்பிடியைப் பிடித்தது.

"என்னால முடியாது. இறங்கி நடந்தே போறேன்."

வாண்டுவுக்குத் திக்கென்றது. வீட்டில் சாப்பாட்டு மேசையில் டம்ளர்களை வரிசையாக வைத்து, அம்மா அவளுக்கு ரயில் ஓட்டிக் காட்டியிருக்கிறார். ஒரு கதவு திறந்தாலும் வண்டி நகராது. ஓட்டுநரே வந்து, எந்தப் பெட்டி என்று தேடிக் கண்டுபிடித்து, கையால்தான் மூட வேண்டும். இது ஆறாவது பெட்டி. இந்தக் காற்றில், ஆடும் மரங்களுக்குக் கீழே, அம்மா இவ்வளவு தூரம் நடந்து வர வேண்டும்.

"மாமா, இழுக்காதீங்க," என்றாள். "இழுத்தா வண்டி கிளம்பாது. டிரைவர் நடந்து வந்து மூடணும். இன்னும் அரைமணி நேரம் ஆயிடும்."

"நீதான் வண்டி ஓட்டுறியா?"

சிலர் சிரித்தார்கள். வாண்டுவின் காது சூடாயிற்று. ஆனால் கைப்பிடியைப் பிடித்தபடியே அவர் மறுபடியும் அந்தக் கறுப்புப் போனைப் பார்ப்பதை அவள் கவனித்துவிட்டாள். இது கோபம் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"வீட்டுல யாராவது காத்துக்கிட்டு இருக்காங்களா மாமா?"

மீசைக்காரர் அவள் பக்கம் திரும்பினார்.

"என் பையன். ஏழு வயசு. தனியா இருக்கான். இடின்னா அவனுக்கு ஆகாது. போன்ல சார்ஜ் தீர்ந்துபோச்சு."

"எங்க அப்பா போன்ல பேசுங்களேன்."

"நம்பர் மனசுல இருந்தாத்தானே? எல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு."

வாண்டு யோசித்தாள். பிறகு, "யார்கிட்டயாவது பவர் பேங்க் இருக்கா?" என்று கத்தினாள். அவள் குரல் அப்பாவின் சட்டை வரைதான் போயிற்று.

"அப்பா, என்னைத் தூக்குங்க."

"இங்கே கால் வைக்கவே இடமில்லை."

"மேல இருக்கே."

அப்பா அவளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்தார். தலைகளுக்கு மேலே அவள் குரல் கணீரென்று ஒலித்தது.

"ஒரு சின்னப் பையன் வீட்டுல தனியா இருக்கான். அவன்கிட்ட பேசணும். பவர் பேங்க் இருந்தா அனுப்புங்க, ப்ளீஸ்."

பெட்டியின் மறுகோடியில் ஒரு கல்லூரிப் பெண் கையை உயர்த்தினாள். பவர் பேங்க், ஒயரோடு கிளம்பியது. ஒரு நர்ஸ் வாங்கி ஒரு பெயின்டரிடம் கொடுத்தார். பெயின்டர், பச்சைப் பைப் பெண்ணிடம் கொடுத்தார். "பாத்து, பாத்து" என்று ஆளுக்கு ஒருமுறை சொன்னார்கள். யாராலும் ஓர் அடி நகர முடியாத அந்தப் பெட்டியை, அது ஒரே நிமிடத்தில் கடந்து வந்துவிட்டது.

போன் உயிர் பெறும்வரை எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீசைக்காரர் ஸ்பீக்கரைப் போட்டார், மணி அடித்தது. பெட்டியே அமைதியாயிற்று.

"கண்ணா, பயமா இருக்கா?" என்றார் மீசைக்காரர்.

"இல்லப்பா," என்றது சின்னக் குரல். "நான் சும்மாதான் மேசைக்கு அடியில உட்கார்ந்திருக்கேன்."

"அப்பா சீக்கிரம் வந்துடுறேன்."

"மெதுவாவே வாங்க. பிஸ்கட் இன்னும் பாதி பாக்கெட் இருக்கு."

இடியை விடப் பெரிதாக எழுந்தது சிரிப்பு. மீசைக்காரரும் சிரித்தார். அவர் கை கைப்பிடியை விட்டுக் கீழே இறங்கியிருந்தது.

சற்று நேரத்தில் ரயில் மெல்ல நகர்ந்தது.

நிலையத்தில் வெளியே போகும் வழி ரயிலின் முன்பக்கம் இருந்தது. வாண்டு, அப்பா, மீசைக்காரர் மூவரும் அந்தப் பக்கமாக நடந்தார்கள். ஓட்டுநர் அறையின் ஜன்னலில் அம்மா தெரிந்தார். தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சட்டைக் கையில் மரப்பட்டைத் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

மீசைக்காரர் ஜன்னல் அருகே நின்றார்.

"மேடம், நான் கதவைத் திறக்கப் பார்த்தேன். இந்தப் பொண்ணுதான் தடுத்துச்சு. டிரைவர் மழையில நடந்து வரணும்னு சொல்லுச்சு."

அம்மா குனிந்து பார்த்தார். முதலில் வாண்டுவை, பிறகு அப்பாவை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வாண்டுவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஈரமான அந்தக் கை ஜில்லென்று இருந்தது. பிடியை விடவே இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் உள்ள இருந்தது எனக்குத் தெரியாமப் போனதே நல்லதாச்சு," என்றார் அம்மா. "தெரிஞ்சிருந்தா, அந்தக் கிளைகிட்ட போகவே எனக்குக் கால் வந்திருக்காது."