மூன்றாவது சிவப்பு

இன்றும் டிராதான் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். பதினொரு மணி பஸ்ஸைப் பிடிக்க, எனக்கு எதிரே ஆட உட்கார்ந்த டெரன்ஸ் தன் பையைக்கூட மேசைக்கு அடியிலேயே வைத்திருந்தான். எங்கள் நெல்லை மாவட்டச் சதுரங்கப் போட்டியில் ஒன்பது வருடமாக ஒருவரும் தோற்றதில்லை, ஜெயித்ததும் இல்லை.

எல்லாம் எங்கள் ஒவ்வொருவர் கையிலும் கிடக்கும் இந்த இழப்புக்காப்பு வளையலின் புண்ணியம். எடுக்கிற முடிவில் நஷ்டமில்லை என்றால் பச்சை, இருந்தால் சிவப்பு. ஒரே நாளில் மூன்று சிவப்பு வாங்கியவரின் கையெழுத்து அதன்பின் செல்லாது. வேலையோ வீடோ கல்யாணமோ, அரசாங்கக் காப்பாளர்தான் முடிவு செய்வார். சேவியர் என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டபோது ஒரே ஒரு சிவப்பு எரிந்தது. பயந்துபோய் மாட்டேன் என்றுவிட்டேன். ஆறு வருடமாகியும் என் மேல் எனக்கிருக்கும் கோபம் ஆறவில்லை.

டெரன்ஸ் ராணியின் சிப்பாயை நகர்த்தினான், நானும் என்னுடையதை நகர்த்தினேன். அவன் பக்கத்துச் சிப்பாயையும் தள்ளியதும், என் ராஜாவின் சிப்பாயை அவன் சும்மா வெட்டும்படி கொண்டுபோய் வைத்தேன். வளையல் சிவந்தது.

"அக்கா, கை தவறிட்டோ?"

"இல்லப்பா. எடுத்துக்கோ."

எடுத்தான். வளையலுக்கு அடுத்த நகர்வைத் தாண்டிக் கணக்குத் தெரியாது. இந்தப் பலியாட்டத்தை நான் வீட்டில் வெறும் அட்டைப் பலகையில் மாதக்கணக்காகப் பழகியிருந்தேன். மூன்று நகர்வு கழித்து என் மந்திரியையும் வெட்டக் கொடுத்தேன். இரண்டாவது சிவப்பு. அவனுக்குப் பச்சை எரிந்தது, யோசிக்காமல் வெட்டினான். பச்சையைப் பார்த்தபின் யோசிக்கும் வழக்கம் எங்களில் யாருக்கும் கிடையாது.

என் சிப்பாய் கடைசி வரிசையில் நின்ற அவன் குதிரையை வெட்டிப் பதவி உயர்வுக்கு நின்றது. நடுவர் ஞானசிகாமணி ராணியை எடுத்து நீட்டினார்.

"குதிரை குடுங்க சார்."

"ராணிய விட்டுட்டு குதிரையா? மூணாவது சிவப்பு விழுந்துரும்மா. அப்புறம் உன் விஷயத்துல உனக்கே பேச்சு கிடையாது. பேசாம ராணிய வாங்கிக்கோ."

ராணியை வைத்தால் என் பழைய ராணியை அவன் வெட்டுவான், புதியதும் தங்காது. குதிரை என்றால் அங்கிருந்தே அவன் ராஜாவுக்குச் செக்.

"குதிரைதான் சார்."

வைத்தேன். வளையல் மூன்றாம் முறை சிவந்து, அணைந்தே போனது. டெரன்ஸுக்குப் பச்சை. யானையால் குதிரையை வெட்டினான். என் இன்னொரு மந்திரி பாய்ந்து ராஜாவுக்குச் செக் வைத்தது. ராஜா விலகினால் பின்னால் நிற்கும் அவன் ராணி எனக்கு.

"எல்லாம் பச்சைதானக்கா காட்டுச்சு?" அழுதுவிடுவான் போலிருந்தது. பிறகு முடிவுத்தாளில் தோற்றதாகக் கையெழுத்துப் போட்டான். அவன் கையிலும் சிவப்பு எரிந்தது. அவன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நடுவர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். "உனக்குக் காப்பாளர் வந்து போடுவாரும்மா. உன் கையெழுத்து இனிமே செல்லாது."

"ஜெயிச்சது அவரா சார்?"

தாளை என் பக்கம் இழுத்தேன். டெரன்ஸ் பேனாவை என்னிடம் நீட்டினான். இசக்கியம்மாள் என்று, கட்டத்தைத் தாண்டி, முழுப்பெயரையும் எழுதினேன்.