பாதிச் சவரம்

வண்டிச் சத்தமே கேட்கவில்லை. ஆனால் சுகிர்தா அடுப்பிலிருந்து வெந்நீர்ச் சட்டியை இறக்கிவிட்டுத் திரும்பியபோது, கண்ணாடிக்கு முன்னால் அவள் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் லோகு உட்கார்ந்திருந்தான்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். இருந்தாலும் லோகுவின் வண்டிக்குச் சைலன்சர் ஓட்டை. அவன் ரயில்வே கேட்டைத் தாண்டும்போதே தெருவில் இருக்கிற கைக்குழந்தைகள் எல்லாம் எழுந்து அழும். அப்படிப்பட்ட வண்டி இன்று வாய் திறக்காமல் வந்திருந்தது. காலையிலிருந்து கரண்டும் இல்லை. கார்த்திகை மாதத்து இருட்டு மத்தியானத்திலேயே வீட்டுக்குள் வந்து படுத்துக்கொண்டிருந்தது.

"இன்னாயா, திருடன் மாதிரி வந்து குந்திக்கினு கீற," என்று கேட்டாள். அவன் தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் கழுத்தைக் காட்டினான். சரி, பயந்திருக்கிறான் என்று அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

பயப்படாமல் என்ன செய்வான்? பெண்டாட்டி முழுகாமல் இருக்கும்போது புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது என்று அவன் அம்மா ரோசம்மாள் அவனைப் பயமுறுத்தி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை ஒருநாளும் விடாத மாமியார், இந்தச் சட்டம் வேதத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று யாரையும் கேட்டதில்லை. போன தடவை ஐந்தாம் மாதத்தில், கூட்டாளி கல்யாணத்துக்கென்று லோகு தாடியை மழித்துக்கொண்டு போனான். அடுத்த மாதம் பிள்ளை தங்கவில்லை. பிரஷர் ஏறிவிட்டது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுகிர்தா வெறும் வயிற்றோடு படுத்திருக்க, மாமியார் பக்கத்துக் கட்டில்காரியிடம் மகன் சவரம் செய்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கோபம் சுகிர்தாவுக்கு இன்னும் ஆறவில்லை. செத்தாலும் ஆறாது.

இந்தத் தடவை எட்டு மாதமும் லோகு தாடியில் கை வைக்கவில்லை. அதுதான் இப்போது அவன் உயிருக்கு உலை வைத்திருந்தது. அவன் வேலை செய்வது பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிற கம்பெனியில். உலைக்கு முன்னால் மாஸ்க் இல்லாமல் நிற்க முடியாது. தாடி இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டாது. சேஃப்டி ஆபீசர் இரண்டு முறை எச்சரித்துவிட்டார். கூட வேலை செய்யும் அன்புராஜ் ஒரு யோசனை சொன்னான். தாடி முழுக்க வாசலினைத் தடவிக்கொண்டு மாஸ்க்கை மேலே அழுத்தினால் ஓட்டை அடைபடும் என்றான். அந்த அதிமேதாவி யோசனையை நம்பி லோகு தினமும் டப்பா டப்பாவாகத் தடவிக்கொண்டு போனான். ராத்திரியில் இருமினான். காலையில் அவன் துப்புகிற சளி கறுப்பாக இருந்தது.

சுகிர்தா அதைப் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டாள். தாடி வளர்த்துக் காப்பாற்றுகிற பிள்ளைக்கு அப்பன் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டாள். தெருமுனை சலூன் துளசிராமன், ரோசம்மாளுக்குப் பயந்துகொண்டு, பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் வா என்று லோகுவைத் திருப்பி அனுப்பிவிட்டான். வேறு சலூனுக்குப் போக லோகுவுக்கே தைரியம் இல்லை. தன் கையால் எடுத்துக்கொள்ளவும் மாட்டேன் என்றான்.

"உன் கையால வேணாம். என் கையால எடுக்கறேன். பாவம் வந்தா எனக்கு வரட்டும்," என்றாள் சுகிர்தா.

கடையில் விற்கிற ரேசர் பட்டால் அவனுக்கு முகமெல்லாம் கொப்புளம் கிளம்பும். அதனால் போனில் பார்த்து ஒரு மடக்குச் சவரக்கத்தி வாங்கினாள். மாமியார் வெளியே போகிற நேரமெல்லாம் வீடியோ பார்த்துப் பழகினாள். பலூனை ஊதி, அதன்மேல் நுரை பூசி, பலூன் வெடிக்காமல் நுரையை மட்டும் வழித்தெடுக்க வேண்டும். முதல் பாக்கெட் முழுக்க வெடித்தது. ஒவ்வொன்று வெடிக்கும்போதும் வயிற்றுக்குள் பிள்ளை துள்ளியது. நேற்றுதான் ஒரு சிவப்புப் பலூன் முழுசாகப் பிழைத்தது. அதை லோகு கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் கட்டித் தொங்கவிட்டான். இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது கதவருகே நின்று, "அம்மா மத்தியானம் ஜெபக் கூட்டத்துக்குப் பூடும். எப்டியும் வந்து குந்திடுவேன். நீ கத்திய தீட்டி வெய்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

தீட்டி வைத்திருந்தாள். அவனுடைய பழைய தோல் பெல்ட்டின் ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் மாட்டி, மறு நுனியை இழுத்துப் பிடித்து, கத்தியை மேலும் கீழும் இழுத்தாள். சரக், சரக் என்று அந்தச் சத்தம் மழைக்கு நடுவிலும் தனியாகக் கேட்டது. நடுவில் எங்கோ ஒரு கம்பெனியில் சங்கு ஊதியது. இந்தப் பக்கம் ஷிஃப்டுக்கும் சங்கு, பயிற்சிக்கும் சங்கு, சும்மாவும் சங்கு. அது கொஞ்சம் அதிக நேரம் ஊதியது. அவள் கத்தியிலேயே கண்ணாக இருந்தாள்.

இப்போது துண்டை வெந்நீரில் முக்கிப் பிழிந்தாள். உள்ளங்கை பொறுக்காத சூடு. பார்த்து, சூடு, என்று எச்சரித்தபடியே அவன் முகத்தில் சுற்றினாள். லோகு அசையவில்லை. காபி கொஞ்சம் சூடாக இருந்தாலே குதிக்கிற ஆள் அவன். வேலைக் களைப்பு என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, கிண்ணத்தில் சோப்பைப் போட்டுப் பிரஷ்ஷால் நுரை கட்டினாள். திரும்பி வந்து துண்டைத் தொட்டபோது அது சில்லென்றிருந்தது. வெந்நீரில் முக்கிய துண்டு, பாறைச் சுனையில் நனைத்ததைப்போல் விறைத்துக் கிடந்தது.

துண்டை எடுத்தாள். வாசலின் வாடையும் அதற்கு அடியில் பேட்டரி ஆசிட் வாடையும் அதற்கும் அடியில் கருகிய ஏதோ ஒன்றும் சேர்ந்து மூக்கில் ஏறின. குளிக்காமல் வந்திருக்கிறான். கம்பெனியில் குளித்து உடுப்பு மாற்றாமல் பிள்ளைத்தாய்ச்சி கிட்டே வரக்கூடாது என்று அவனே அவளுக்குச் சொன்னவன். நீலச் சட்டையில் சாம்பல் படிந்திருந்தது. இவ்வளவு மழையில் வந்தவனுடைய சாம்பல் ஏன் கரையவில்லை என்று ஒரு கேள்வி அவள் மனதில் எழுந்தது. அதை எழுந்த இடத்திலேயே உட்கார வைத்தாள். இன்றைக்கு விட்டால் அவன் மறுபடி மனம் மாறிவிடுவான். மாமியார் வந்துவிடுவாள். நாளைக்கும் இதே தாடியோடு உலைக்கு முன்னால் போய் நிற்பான். அதை மட்டும் விடமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தாடியைக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டி, நுரை பூசினாள். வாசலின் பிசுக்கில் நுரை வழுக்கியது. மறுபடி பூசினாள். பிறகு வலது காதுக்குக் கீழே தோலை இழுத்துப் பிடித்துக் கத்தியை வைத்தாள்.

கத்தி இறங்கியது. பலூனைவிடச் சுலபமாக இறங்கியது. கரகரவென்ற சின்னச் சத்தத்தோடு கறுப்பு நுரை வழிந்து வந்தது. அடியில் வெளுத்த கன்னம் தெரிந்தது. எட்டு மாதமாகப் பார்க்காத கன்னம். அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. பார்த்தியா, பூமி ஒன்றும் பிளக்கவில்லை, என்று யாரிடமோ சொல்லிக்கொண்டாள். மறுபடி இழுத்தாள். மறுபடி. மேலுதட்டில் பாதி வந்ததும், மூக்குக்கு அடியில் மணிக்கட்டை நிறுத்தி, கத்தியைச் சிறிதாகச் சாய்த்தாள்.

மணிக்கட்டில் மூச்சுப் படவில்லை.

அப்படியே நின்றாள். மழையை எண்ணத்திலிருந்து தள்ளிவிட்டுக் காதைக் கொடுத்தாள். தன் மூச்சு கேட்டது. தன் நெஞ்சு அடிப்பது கேட்டது. நாற்காலியிலிருந்து ஒன்றும் இல்லை. எப்போதும் லோகு பக்கத்தில் வந்தாலே உதைக்கிற பிள்ளை, முதுகுப் பக்கமாக ஒதுங்கி, கல்லாகக் கிடந்தது.

கத்தியை வெடுக்கென்று எடுத்தாள். தாடையோரம் கத்தி சறுக்கியது. கடுகளவு வெட்டு. தோல் பிளந்தது தெரிந்தது. ரத்தம் வரவில்லை.

போன் அடித்தது.

அலமாரியில், அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில். நுரைக் கையோடு எடுத்தாள். அன்புராஜ். பின்னால் ஒரே கூச்சல். அவன் அழுதுகொண்டே பேசியதில் பாதி புரியவில்லை. ஈரமான சரக்கு உலையில் விழுந்து வெடித்தது; கூடம் முழுக்கப் புகை; எல்லாரும் மாஸ்க் மாட்டிக்கொண்டு ஓடினார்கள். இது புரிந்தது. சங்கு ஊதியது அதற்குத்தான். இதுவும் புரிந்தது.

"லோகு அண்ணன் மாஸ்க்கு ஒட்டலக்கா," என்றான். "கையால அமுத்திப் புட்ச்சிக்கினே வந்துது. பாதி வழில வுய்ந்திடுச்சி. பூட்ச்சிக்கா. அண்ணன் பூட்ச்சி."

சுகிர்தா திரும்பினாள்.

நாற்காலியில் அவன் இருந்தான். தலை பின்னுக்குச் சாய்ந்திருந்தது. வலது பக்கம் மழுமழுவென்று. இடது பக்கம் நுரை. கண்ணாடியில் பார்த்தாள். கண்ணாடியிலும் இருந்தான். அதில் அவன் கண்கள் திறந்திருந்தன. அவளைப் பார்த்தன.

"இன்னொரு பக்கம் இருக்குதே, சுகி," என்றான். உதடு அசையவில்லை.

அலறிவிடலாம். கதவு மூன்றடி தூரத்தில் இருந்தது. வெளியே ஓடினால் எதிர்வீட்டுக்காரி இருப்பாள். கால்களும் அதைத்தான் கேட்டன. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று அவள் அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. சொன்னபடி வந்துவிட்டான். செத்தும் வந்துவிட்டான். சவரம் முடிந்துவிட்டால்? எழுந்து போய்விடுவான். முடியாவிட்டால்?

கத்தியைத் துடைத்தாள். மடக்கினாள். கண்ணாடிக்குக் கீழே வைத்தாள்.

"மீதி அப்பறம்," என்றாள். "நா சொல்ற வரைக்கும் எய்ந்திருக்கக் கூடாது. குந்திக்கினே இரு."

ஆணியில் தொங்கிய சிவப்புப் பலூன், காற்றே இல்லாத வீட்டில், மெல்லத் திரும்பி அவள் பக்கம் வந்து நின்றது. அவள் சுவரோரம் தரையில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமை கொட்டினால் காணாமல் போய்விடுவானோ என்று பயந்தாள். கொட்டினாள். அவன் போகவில்லை. அதற்கும் பயந்தாள்.

தெருவில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பெண்டாட்டி ஒரு பார்வை பார்க்காமல் கொண்டுபோகக் கூடாது என்று கம்பெனி ஆட்கள் மறித்து இந்தப் பக்கம் திருப்பியிருந்தார்கள். ஜெபக் கூட்டத்திலிருந்து பெண்கள் மழையில் ஓடி வந்தார்கள். ரோசம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு வந்தாள். சுகிர்தா நாற்காலியிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே நடந்து வாசலுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, அப்புறம்தான் திரும்பினாள்.

உடனே நாலு கைகள் அவளைப் பிடித்தன. வயிற்றுப்பிள்ளைக்காரி பிணத்தைப் பார்க்கக்கூடாது, உள்ளே போ, என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ரோசம்மாள் குறுக்கே கையை விரித்து நின்றாள். மகனைப் பறிகொடுத்த அந்த நேரத்திலும் அவளுக்கு ஒரு சட்டம் ஞாபகம் இருந்தது.

"உங்க சட்டம்தான் அவன அங்க குந்த வெச்சிருக்குது, அத்த. தள்ளுங்க," என்றாள் சுகிர்தா. எந்தச் சத்தமும் போடாமல்தான் சொன்னாள். மாமியார் தள்ளி நின்றாள்.

வண்டிக்குள் ஏறித் துணியை விலக்கினாள்.

இடது பக்கம் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டிய தாடி. அதன்மேல் சோப்பு நுரை, இன்னும் குமிழ் உடையாமல். வலது பக்கம் மேலுதட்டின் பாதி வரைக்கும் சுத்தமாக மழித்திருந்தது. தாடையோரம் கடுகளவு வெட்டு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம், புதுசாக, சிவப்பாக, கிளம்பிக் கழுத்தை நோக்கி இறங்கியது. அன்புராஜ் பின்னால் சாய்ந்து கதவில் மோதிக்கொண்டான். நாங்கள் தூக்கும்போது முழுத் தாடியும் இருந்தது என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான்.

அப்போதுதான் மழை விட்டது. அழுதுகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. சரக். சரக். தோல் பெல்ட்டின்மேல், மெதுவாக, பொறுமையாக.

"ஊட்டுக்குள்ள யாரு?" என்றாள் ரோசம்மாள். அவள் கை மகனின் மழித்த கன்னத்தில் இருந்தது.

சுகிர்தா வண்டியிலிருந்து இறங்கினாள். வயிற்றுக்குள் கல்லாகக் கிடந்த பிள்ளை மறுபடி அசைந்தது. ஒவ்வொரு தீட்டலுக்கும் ஒரு உதை. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, யார் கூப்பிட்டும் நிற்காமல், வாசல் படியேறிக் கதவில் கை வைத்தாள். சத்தம் நின்றது. உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது, தலையைப் பின்னுக்குச் சாய்த்து ஒருவர் வசதியாக உட்காரும்போது கிறீச்சிடுமே, அப்படி.