மனோரஞ்சித அத்தர்

காலையில் எழுந்து தலையணையைத் தட்டப் போனபோதுதான் பிரிசில்லா எறும்புகளைப் பார்த்தாள். பிஸ்கட் தூளோ சர்க்கரையோ எதுவும் சிந்தியிருக்கவில்லை. அவள் பிடரி அழுந்திக் கிடந்த பள்ளத்தில் மட்டும் கருப்பாய் அப்பிக் கிடந்தன. உதறினாள். தரையில் விழுந்தவை சிதறி ஓடவில்லை. திரும்பி, அவள் பாதத்தை நோக்கி வந்தன.

அத்தர் பூசிக்கொண்ட மறுநாள் அது.

செங்கல்பட்டில், ஏரிக்காற்று வந்து மோதும் புது மனைப்பிரிவில் அவர்கள் வீடு. மனை வாங்கும்போதே மூலையில் ஒரு மனோரஞ்சிதம் நின்றது. யார் வைத்ததென்று யாருக்கும் தெரியாது. பொழுது சாய்ந்தால் பழுத்த பலாவும் வாழையும் கலந்த மாதிரி ஒரு வாசனை சமையலறை வரைக்கும் வந்து அவளைக் கூப்பிடும். கார் நிறுத்த இடம் வேண்டுமென்று அவள் கணவன் ஜெபசிங் கோடையில் அதை வெட்டினான். அவளும் வேண்டாமென்று சொல்லவில்லை. வெட்டிய பிறகுதான் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலமானால் காரணமில்லாமல் வாசலுக்குப் போவாள், மூச்சை இழுப்பாள், திரும்பி வருவாள், மறுபடி போவாள். கிளினிக்கில் பில் போடும் வேலை முடிந்து வரும் வழியில் வாசனைக் கடைகளில் ஏறி, மணிக்கட்டு முழுக்கப் பூசிப் பார்த்துவிட்டுத் தலைவலியோடு வீடு சேர்வாள். எதுவும் அது இல்லை.

மாமல்லபுரத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது. சிற்பப் பட்டறைகளின் உளிச் சத்தத்துக்கும் கல்தூசிக்கும் நடுவே, தள்ளுவண்டியில் குப்பி குப்பியாய் அத்தர் வைத்திருந்த ஒருத்தியிடம் கேட்டாள்.

"மனோரஞ்சிதமா? செடி வூட்ல கீதா?"

"இருந்துச்சு. வெட்டிட்டோம்."

"அதான பாத்தேன்." அந்தப் பெண் சிரிக்கவில்லை. "வெட்னவங்கதான் வந்து கேக்குறாங்க. ஒரு சொட்டு போதும்மா. அதுக்கு மேல வெக்காத."

மூடியைத் திறந்ததும் பிரிசில்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பழவாசனைக்குப் பின்னால் கசங்கிய இலை, அதற்கும் பின்னால் தண்ணீர் ஊற்றிய மண். அவளுடைய செடியேதான். கடற்கரையில் நின்று, கழுத்திலும் பிடரியிலும் தாராளமாய் வழித்துப் பூசிக்கொண்டாள்.

திங்கட்கிழமை எறும்புகளைப் பார்த்த கையோடு தலைக்குக் குளித்தாள். சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். நுரை கரையக் கரைய வாசனை கூடிக்கொண்டே போனது. தோலின் மேலிருந்து வரவில்லை அது. தோலுக்குள்ளிருந்து வந்தது.

பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் இரண்டு முறை திரும்பினாள். கண்டக்டர் டிக்கெட் கொடுத்த பிறகும் நகராமல், மூக்கைத் தூக்கியபடி நின்றார். கிளினிக்கில் காய்ச்சலோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பில்லை வாங்கக் கையை நீட்டி, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. நர்ஸ் வந்து பிரித்துவிட வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் குப்பியைச் சாக்கடையில் எறிந்தாள். ஜெபசிங் உள்ளே நுழையும்போதே முகம் மலர்ந்தது.

"இன்னா ப்ரிசி, நம்ம செடி மறுபடி முளைச்சிட்ச்சா?"

"அத்தருங்க. நான்தான் பூசிகினேன்."

அவன் தலையாட்டினான். ஆனால் சாப்பிட உட்காரவில்லை. பீரோவுக்குப் பின்னால் பார்த்தான். திரைச்சீலையை விலக்கினான். கட்டிலுக்கடியில் குனிந்தான்.

"எங்கியோ கீது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"என் மேலதாங்க வருது!"

அவன் நிமிர்ந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளைச் சுற்றிலும் பார்த்தான். ஒரு புதரைப் பார்ப்பதுபோல.

அடுத்த நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. அவனும் போகவில்லை. அவள் அறைக்கு அறை போனாள், அவனும் பின்னாலேயே வந்தான். அவன் மூச்சு அவள் பிடரியில் பட்டுக்கொண்டே இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டால் கதவுக்கு அந்தப் பக்கம், கீழ் இடுக்கில், அவன் மோந்து பார்க்கும் சத்தம்.

பொழுது சாய்ந்தபோது கரண்ட் போனது. ஃபேன் சுற்றி ஓய்ந்த பிறகுதான் வெளியே இருந்த அமைதி அவளுக்குக் கேட்டது. ஏரிப் பக்கத்துத் தவளைகள் இல்லை. நாய்கள் இல்லை. ஜிஎஸ்டி ரோட்டு லாரி இரைச்சல்கூட எங்கோ அமுங்கிப் போயிருந்தது. வாசனை மட்டும் சுவரெல்லாம் வியர்த்ததுபோல வீடு முழுக்கக் கனத்து நின்றது. அவள் ஜன்னலைத் திறந்தாள்.

கேட்டுக்கு வெளியே எதிர்வீட்டு ஹரிப்ரியா நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா ஹரிப்ரியா, இன்னா வேணும்?"

"பூவு," என்றாள் அவள்.

அவளுக்குப் பின்னால் இன்னொருவர். காக்கிச் சட்டை. கண்டக்டர். அவருக்குப் பின்னால் காய்ச்சல்காரப் பெரியவர், போர்வையோடு. அவருக்கும் பின்னால் தெரு முழுக்க ஆட்கள். எல்லா முகங்களும் கொஞ்சம் மேலே தூக்கியிருந்தன. எல்லா மூக்குகளும் விரிந்து சுருங்கின.

கேட் கிறீச்சிட்டது.

ஜெபசிங்தான் திறந்துவிட்டான்.

அவள் பின்கதவுக்கு ஓடினாள். அங்கேயும் நின்றார்கள். சமையலறை. ஸ்டோர் ரூம். மூலை. இருட்டு. காலடிகள் அவசரப்படவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள்.

"ஜெபா! என்னப் பாரு. நான்தான். ப்ரிசி."

அதுவரை பெயர் சொல்லி அவள் அவனை அழைத்ததே இல்லை. அவனுக்கு அது கேட்கவில்லை.

முதல் கை அவள் தலையில் பட்டது. முரட்டுத்தனமே இல்லாத கை. பிறகு இன்னொன்று. பிறகு எண்ணற்றவை. பச்சை இலைக்குள் பச்சையாகவே ஒளிந்திருக்கும் பூவைத் தேடுகிறவர்களின் பொறுமையோடு அவள் முடியைக் கொத்துக் கொத்தாய் ஒதுக்கின. காதுமடலைத் திருப்பிப் பார்த்தன. இமையைத் தூக்கிப் பார்த்தன.

"கெடச்சிட்ச்சு," என்றான் ஜெபசிங்.

பிடரியில் இரண்டு நகங்கள் பதிந்தன. கிள்ளின. காம்பு முறிவதுபோல ஒரு சின்னச் சத்தம்.

அவள் அலறினாள். யாரும் திரும்பவில்லை. அவன் விரல்நுனியில் ஈரமாய் இருந்த ஒன்றைச் சூழ்ந்து, எல்லோரும் தலை குனிந்து, கண்ணை மூடி, ஆழமாய் மூச்சிழுத்தார்கள்.

ஹரிப்ரியாதான் முதலில் கண்ணைத் திறந்தாள்.

"இன்னும் நெறய கீது," என்றாள்.